அவருடைய லாகின், அவளுடைய கை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்கிரிப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே வேலையை இரண்டாவது முறை கையால் செய்யச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். விடுப்பு விண்ணப்பம், கூட்டத்துக்கு நினைவூட்டல், மாதக் கடைசி அறிக்கை என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். "வீட்டுக்காரரைத் திட்டுறதுக்கும் ஸ்கிரிப்ட் இருக்காக்கா?" என்று யாராவது கேட்டால், "அது மட்டும் தினமும் புதுசா எழுதுறது" என்பாள்.

நாற்பதைத் தாண்டியவள். கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் எது நடந்தாலும் தலையெழுத்து என்பார்கள். அப்பாவுக்கு வேலை போனால் தலையெழுத்து, கூரை ஒழுகினாலும் தலையெழுத்து. ஒருமுறை அவளே ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "தலையெழுத்து இல்லம்மா, மூணு ஓடு உடைஞ்சிருக்கு" என்றாள். "வாயாடி" என்று திட்டிவிட்டு அம்மா ஓடுகளை மாற்றச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த மூலை ஒழுகவில்லை. கம்ப்யூட்டர் அவளுக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். அதில் எது கெட்டாலும் ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். பெரும்பாலும் அது யாரோ ஒரு மனிதர் செய்த காரியமாகவே இருக்கும்.

இதை வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவள் சொல்லாமல் விடமாட்டாள். அதையே தன்னைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தபோது அவளுக்கு நாக்கு எழவில்லை. அவள் வாழ்க்கையில் எழுதுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தாலும், அந்தச் சில நாட்களை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

நகரத்தின் பல இடங்களில் டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் ஒரு மருத்துவமனைக்கு அவளுடைய நிறுவனம் வேலை செய்துகொண்டிருந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே வந்து, மெஷினோடு இணைந்து படுத்திருப்பார்கள். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எந்தப் படுக்கை என்கிற விவரமெல்லாம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த சர்வர் அறையில் கிடந்தது. ஒரு மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

பெயரைக் கேட்டு யாரும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பெரிய கம்பெனி எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுப்பதற்குத்தான் கிளவுட் என்று பெயர். அந்த வாடகை மெஷின்களை ஒன்றுசேர்த்து ஒரு கிளஸ்டர் ஆக்க வேண்டும். மருத்துவமனையின் மென்பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கண்டெய்னர் என்கிற தனித்தனிப் பொட்டலங்களில் அடைக்க வேண்டும். எந்தக் கண்டெய்னர் எந்த மெஷினில் ஓட வேண்டும், ஒரு மெஷின் படுத்துவிட்டால் அது எங்கே போய் எழுந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். இதுதான் அவள் வேலை. இதைத் திரையில் பொத்தான் பொத்தானாக அமுக்கியும் செய்யலாம். அவள் செய்யமாட்டாள். என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிடுவாள். ஒரு கருவி அந்தக் கோப்பைப் படித்து, கிளவுடில் இருப்பதோடு ஒப்பிட்டு, இல்லாததை உண்டாக்கும். கோப்பில் பெயர் இல்லாததை அழித்துவிடும். அப்படிச் செய்வதற்கு முன்னால் எதை உண்டாக்கப் போகிறது, எதை மாற்றப் போகிறது, எதை அழிக்கப் போகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். சரி என்று நாம் சொன்னால்தான் கை வைக்கும்.

ஒருவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதன் மேல் அவளாகச் சேர்த்த வழக்கம் ஒன்றும் உண்டு. அழிப்புப் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க வேண்டும். "மனசுக்குள்ள படிச்சா கண்ணு தாவிடும். வாயால படி" என்பாள். இளைஞர்கள் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுப் படித்து அவளைக் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தாலும் படிப்பார்கள்.

அவளிடம் வேலை பழகிக்கொண்டிருந்தவர்களில் வயதில் மூத்தவர் கேபிள் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். மருத்துவமனையின் அந்த அடித்தள அறைக்குக் கேபிள் இழுத்தவரே அவர்தான். சர்வர்கள் வெளியேறப் போகின்றன என்றதும் அவருடைய வேலை முதலில் வெளியேறியது. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் வழியாக இங்கே ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார். அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டை நிரந்தர ஊழியர்களுக்கு நீலம், ஒப்பந்தக்காரர்களுடையது ஆரஞ்சு. ஆரஞ்சுப் பட்டைக்காரர்களைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு மேசையில் தனி இழுப்பறை கிடையாது, நடைபாதை ஓரத்தில் பூட்டு அலமாரி ஒன்று தருவார்கள். மனிதர்களில் பேதம் பார்க்கமாட்டோம் என்று பெரிய எழுத்தில் போஸ்டர் ஒட்டியிருந்ததும் அந்த அலமாரிகளுக்கு மேலேதான்.

"முன்னெல்லாம் சர்வர் எங்கேன்னு கேட்டா கையைக் காட்டுவேன். இப்ப எங்கே காட்டுறது தங்கச்சி? மேலேயா?" என்று கேட்பார் கேபிள் அண்ணன்.

"மேலே ஒண்ணும் இல்லண்ணா. அதுவும் எவனோ ஒருத்தனோட அடித்தளம்தான்."

"அப்ப அங்கேயும் ஒருத்தன் கேபிள் இழுத்துக்கிட்டு இருப்பான். நல்லது, நம்ம ஜாதி அழியல" என்று சிரிப்பார்.

வேலையை மெதுவாகத்தான் கற்றார். ஒரு வரி எழுதிவிட்டு மூன்று முறை பார்ப்பார். அவளுக்கு மெதுவாக நடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "கொஞ்சம் நகருங்கண்ணா" என்று அவருடைய விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அவர் நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டு இடம் கொடுப்பார். அவளைப் பொறுத்தவரை அது உதவி. கோப்பில் அது அவர் எழுதியதாகப் பதிவாகும், ஏனென்றால் லாகின் அவருடையது. இதை இருவருமே ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

மையங்களில் பாதி புதிய கிளஸ்டருக்கு வந்துவிட்ட சமயம். சோதனைக்காக எழுப்பிய மெஷின்களை எல்லாம் கழித்துக் கட்டும் வேலையைக் கேபிள் அண்ணனிடம் கொடுத்திருந்தாள். அவர் ஒவ்வொரு வரியாக நீக்கிக்கொண்டிருந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் பின்னால் நின்றாள். நோயாளிகளின் விவரங்கள் இருந்த டிஸ்கின் பெயர் அவள் கண்ணில் பட்டது. முன்பு எப்போதோ வேலையை விட்டுப்போன யாரோ அவசரத்தில் வைத்த பெயர். 'புது டிஸ்க் கடைசி 2.'

"என்னண்ணா பேரு இது? கடைசியிலேயும் ரெண்டாவது கடைசியா?"

"நான் வைக்கல தங்கச்சி. வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"நகருங்க."

அந்தப் பெயரை அழித்துவிட்டு 'நோயாளர் தரவு' என்று அழகாக ஒரு பெயர் வைத்தாள். அவர் நீக்கிய வரிகளோடு சேர்த்துச் சரிபார்ப்புக்கு அனுப்பினாள். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சரிபார்க்கிறவளாக அதையே திறந்தாள். அழிப்புப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடியது.

"நீளமா இருக்கே, எல்லாம் உங்க டெஸ்ட் மெஷின்தானேண்ணா?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஆமா தங்கச்சி. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அனுமதித்தாள்.

ஒரு பொருளின் பெயரை மாற்றினால் அது அதே பொருள்தான் என்று மனிதனுக்குத் தெரியும். அந்தக் கருவிக்குத் தெரியாது. பழைய பெயர் கோப்பில் இல்லை, ஆகவே அந்த டிஸ்கை அழி. புதுப் பெயர் கிளவுடில் இல்லை, ஆகவே புதிதாகக் காலி டிஸ்க் ஒன்றை உண்டாக்கு. அதற்கு எழுதியிருக்கும் புத்தி அவ்வளவுதான். 'இது அதுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது' என்று சொல்ல ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். டிஸ்கை யாரும் அழிக்க முடியாதபடி கிளவுடிலேயே பூட்டுப் போடவும் வழி உண்டு. சோதனைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, எல்லாம் முடிந்ததும் போடலாம் என்று தள்ளிவைத்தவளும் அவள்தான்.

சற்று நேரத்தில் ஒரு மையத்திலிருந்து தலைமை செவிலியர் போன் செய்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்பார்கள். பதற்றத்திலும் நக்கலை விடாதவர். "என்னம்மா, ஸ்கிரீன்ல ஒருத்தர் பேரும் இல்ல? எல்லாரும் குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்களா? இங்க படுக்கையில ஆளுங்க இருக்காங்களே!"

அவள் பட்டியலைத் திறந்தாள். டெஸ்ட் மெஷின்களின் பெயர்களுக்கு நடுவில் 'புது டிஸ்க் கடைசி 2' இருந்தது. பார்த்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கேபிள் அண்ணன் நீக்கிய வரிகளில் எந்தத் தவறும் இல்லை. முதலில் நோயாளிகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேக்கப்பைத் தேடி எடுத்து ஏற்றினாள். முந்தைய மாலையின் பிரதி அது. காலையிலிருந்து பதிவான மாற்றங்கள் அதில் இல்லை. எல்லா மையங்களுக்கும் 'இன்றைய மாற்றங்களை மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்க்கவும்' என்று செய்தி அனுப்பினாள்.

அது எல்லோரையும் சென்றடையவில்லை. சிஸ்டரின் மையத்தில் கண்டக்டர் அம்மா என்று ஒரு நோயாளி இருந்தார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். கொஞ்ச நாளாக நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறியிருந்தார். அதனால் அவர் உடம்பிலிருந்து இனி இவ்வளவு நீர் எடுக்க வேண்டாம் என்று அன்று காலைதான் மருத்துவர் கணக்கை மாற்றியிருந்தார். பேக்கப்பில் பழைய கணக்கு இருந்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த அவசரத்தில் ஒரு செவிலியர் அதைப் பார்த்து மெஷினை ஓட்டினார். தேவைக்கு மேல் நீர் போய்விட்டது. முடிந்து எழுந்தபோது கண்டக்டர் அம்மாவுக்குத் தலை சுற்றியது. கட்டில் விளிம்பில் மோதி விழுந்தார். தாடையில் தையல் போட்டு வார்டில் சேர்த்தார்கள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். அந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை மனத்தில் ஓட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. தையல் போட்ட தாடை அந்த 'ஒன்றும் இல்லை'யில் அடங்க மறுத்தது.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர், யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"லாக் பதிவைப் பார்த்தேன். உங்க கேபிள் அண்ணன்தான் எழுதியிருக்காரு."

"நான்தான் சார் அனுமதிச்சேன்."

"நம்பி அனுமதிச்சீங்க. அது வேற. அவரு வயசுக்கு இந்த வேலை சரிப்படாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. உங்களுக்கு இரக்க குணம்."

இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அனுமதித்தேன்' என்ற பாதி உண்மையைச் சொல்லியாகிவிட்டது. பாதி உண்மைக்கு ஒரு வசதி உண்டு. சொன்னவருக்கு உண்மையைச் சொல்லிவிட்டது போன்ற திருப்தியைக் கொடுக்கும், ஆனால் எந்தச் செலவும் வைக்காது.

"ஏஜென்சிக்குச் சொல்லிட்டேன். மருத்துவமனையோட ரிவ்யூ மீட்டிங் முடிஞ்சதும் அவரை அனுப்பிடுவாங்க. அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க வருத்தப்படாதீங்க, ஆட்டோமேஷன்ல இதெல்லாம் நடக்கும்."

ஆட்டோமேஷன்ல நடக்கும்! முன்பு தலையெழுத்து என்றார்கள், கிரகம் என்றார்கள். இப்போது படித்தவர்கள் வாயில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பவன் தப்பிக்க வேண்டுமானால் எல்லாம் ஆட்டோமேஷன் செய்தது. கீழே இருப்பவன் மாட்ட வேண்டுமானால் மட்டும் அதற்கு ஒரு மனிதக் கை தேவைப்படுகிறது. இதைக் கேட்டு வேறொரு நாளில் அவளே கொதித்திருப்பாள். அன்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மாலையில் நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். அவன் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருந்தான். முழுவதையும் சொன்னாள். அவன் சட்டத்தைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"நீ சொல்லலேன்னா என்ன ஆகும்?"

"அவருக்கு வேலை போயிடும்."

"சொன்னா?"

"எனக்குப் போகலாம்."

"அவருக்கு எப்படியும் ஒப்பந்தம்தானே, வேற எங்காவது பார்த்துக்குவாரு."

"அந்த வயசுல யாரு தருவா?"

"உனக்கு மட்டும் கூப்பிட்டுத் தரப்போறாங்களா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "விடு. நமக்கு நேரம் சரியில்ல."

"நேரத்து மேல பழி போடாத. நேரமா டைப் அடிச்சுது? நான் அடிச்சேன்."

"அம்மா தாயே! அப்ப அதை ஏன் எங்கிட்ட கத்துற? நான் கண்ணாடி விக்கிறவன். ஆபீஸ்ல போய்க் கத்து."

கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. தான் போனால் கிளஸ்டர் பாதியில் நிற்கும், மிச்ச மையங்கள் அந்த ஈர அடித்தளத்திலேயே கிடக்கும், நோயாளிகளுக்குத்தான் கஷ்டம் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. கேபிள் அண்ணனுக்கு வேறு இடத்தில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இன்னொரு நியாயம் கிடைத்தது. டிஸ்குக்கு அன்றே பூட்டுப் போட்டாள். பெயர் மாற்றத்தைப் பிடித்து எச்சரிக்கும் ஒரு ஸ்கிரிப்டும் எழுதினாள். எழுதி முடித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது கேபிள் அண்ணன் அதை நம்பியதுதான். டெஸ்ட் மெஷின்களை நீக்கும்போது தானே எதையோ சேர்த்து இழுத்துவிட்டதாக அவர் நினைத்தார். பெயர் மாற்றினால் டிஸ்க் அழியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? அவர் இப்போது அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்றார்.

ரிவ்யூ மீட்டிங்குக்கு முந்தைய நாள் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"மேடம், ஒரு நிமிஷம். நான் போய் அந்தக் கண்டக்டர் அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன்."

"எதுக்குண்ணா?"

"மனசு கேக்கல. அந்த மையத்துக்கு நான்தானே கேபிள் போட்டேன், சிஸ்டருக்கு என்னைத் தெரியும், உள்ள விட்டாங்க. நான்தாம்மா அழிச்சவன், தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னேன். அவங்க பையன் இருந்தாரு. பிடிச்சு வாங்கிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"விடுங்க, அதெல்லாம் வாயால சொல்ற மாதிரியா இருக்கு. வார்டே வேடிக்கை பார்த்துச்சு. தப்பு இல்ல, பெத்தவளுக்கு ஒண்ணுன்னா யாருக்கும் வரத்தான் செய்யும்." கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "உங்க பேரையும் கெடுத்துட்டேன் மேடம். நீங்க என்னை நம்பி ஓகே பண்ணீங்க. மன்னிச்சிடுங்க."

அவளிடம் ஒரு சொல் இருந்தது. அது வெளியே வருவதற்குள் மேலிருந்து நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவர் சுவரோடு ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். அவளும் அவர்களோடு சேர்ந்து இறங்கிவிட்டாள். நாலைந்து பேர் வந்ததால் சொல்ல முடியவில்லை என்று அவளால் பின்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர்கள் போனபின் திரும்பி ஏற எத்தனை படி ஆகும்?

மீட்டிங்கில் மருத்துவமனைத் தரப்பில் சிஸ்டரும் ஒரு நிர்வாகியும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் திரையைக் காட்டி விளக்கினார். தவறைச் செய்தவர் ஒப்பந்தப் பணியாளர். அவர் நீக்கப்படுகிறார். இனி இப்படி நடக்காது.

"அவரு அழிக்கல" என்றாள் அவள்.

மேனேஜர் புன்னகைத்தார். "அதாவது, வேணும்னு அழிக்கலன்னு சொல்ல வர்றாங்க."

"இல்ல சார். அவரு அழிக்கவே இல்ல. டிஸ்க் பேரை மாத்தினது நான். அவரு நாற்காலிப் பக்கத்துல நின்னு, அவரு லாகின்ல, என் கையால மாத்தினேன். அதை நானே ஓகேயும் பண்ணேன். பட்டியலை நான் படிக்கல. பூட்டும் நான்தான் போடாம விட்டேன். அவரு எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

சிஸ்டர்தான் முதலில் பேசினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். "அன்னிக்கே. நீங்க போன் பண்ண உடனேயே."

சிஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் நக்கல் இல்லை. "அந்த மனுஷன் வார்டுல வந்து நின்னாரே. நான்தான் உள்ள விட்டேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"அவரு போனது நேத்துதான் தெரியும்."

"நேத்து தெரியும்" என்றார் சிஸ்டர். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "அவரு பேரை அந்த ஸ்கிரீன்லேர்ந்து எடுங்க. அப்புறம் பேசலாம்."

அவளுக்கு வேலை போகவில்லை. அன்று மாலையே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இவ்வளவு நேர்மையாகப் பேசியது பாராட்டத்தக்கது, ஆனால் முதலில் தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்றார். நடந்ததை வைத்து எல்லோருக்கும் ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார். அதே தவறுதான். ஆரஞ்சுப் பட்டைக்காரர் செய்ததாக இருந்தவரை அது குற்றம், அதற்கு வெளியேற்றம்தான் தண்டனை. நீலப் பட்டைக்காரி செய்தது என்றானதும் அது பாடம் ஆகிவிட்டது, அதற்கு மேடை கிடைத்தது. தான் வேலையை இழக்கக்கூடும் என்று அவள் நடுங்கிய நடுக்கமெல்லாம் வெறும் கற்பனை. அவளை யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தாலும் இதே மேடைதான் கிடைத்திருக்கும். இது தெரிந்தபோது அவளுக்கு ஆறுதல் வரவில்லை. எந்த ஆபத்தும் இல்லாத ஓர் உண்மையை ஒளித்து வைப்பதற்காக ஒரு மனிதரை வார்டு நடுவில் நிற்க வைத்திருக்கிறாள்.

ஏஜென்சிக்குப் போன உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கேபிள் அண்ணனிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. 'நாளையிலிருந்து வழக்கம்போல்' என்று ஒரு செய்தி மட்டும் அவருக்குப் போனது. நடைபாதையில் தன் பூட்டு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார். அவள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேகமாக, ஒரே மூச்சில்.

அவர் கையில் ஒரு ஜோடி பழைய செருப்பு இருந்தது. அதை மெதுவாக அலமாரிக்குள் திருப்பி வைத்தார்.

"அப்ப நான் எடுத்தது எல்லாம் சரியா?"

"சரிதாண்ணா. எல்லாம் சரி."

"ராத்திரியெல்லாம் அந்தக் கோப்பைத் திறந்து வச்சுக்கிட்டு எந்த வரின்னு தேடினேன். என் பொண்டாட்டி, போதும் கண்ணு போயிடும்னு லைட்டை அணைச்சா." அவர் குரல் உயரவில்லை. "படியில நான் மன்னிப்புக் கேட்டேனே. நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்களே."

"ஆமாண்ணா. தப்பு. பெரிய தப்பு."

"டிஸ்க் போனதை விடுங்க, கை தவறும். எனக்கும் தவறியிருக்கு. அந்தப் பையன் என்னைப் பேசினது யாருக்கு வரவேண்டியது?"

"எனக்கு."

"அப்பப் போய் வாங்கிக்குங்க" என்றார். அலமாரியைப் பூட்டிவிட்டு நடந்தார்.

கண்டக்டர் அம்மா வார்டிலிருந்து வீட்டுக்குப் போய், மறுபடி டயாலிசிஸுக்கு வந்திருந்த நாளில் அவள் மையத்துக்குப் போனாள். தாடையில் கட்டு இருந்தது. மகன் இல்லை, வேலைக்குப் போயிருந்தான். சிஸ்டர் ஒரு முக்காலியைக் காட்டிவிட்டு நகர்ந்தார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தான் யார், என்ன செய்தாள், எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று சொன்னாள்.

கண்டக்டர் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னிக்கு வந்தாரே ஒருத்தர்?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"அடப்பாவமே" என்று கண்ணை மூடிக்கொண்டார். "என் பையன் அந்த ஆளை என்னென்ன பேசிட்டான். நானும் சும்மாவா இருந்தேன்? கட்டோட கிடந்தாலும் வாய் மட்டும் நல்லா வேலை செஞ்சுது. உன் கை விளங்குமான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சரிம்மா சரிம்மாங்கிறாரு. டிக்கெட் வாங்கினவனைப் பிடிச்சு எறக்கி விட்டுட்டேனே."

"என்னைப் பேசுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

கண்டக்டர் அம்மா கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைப் பேசி என்னடி ஆகப்போகுது? பேசினா நீ நிம்மதியா வீட்டுக்குப் போவ. அந்த ஆளு நம்பர் இருக்கா உங்கிட்ட? போடு."

அவள் போட்டாள். கண்டக்டர் அம்மாவின் ஒரு கையில் ஊசிகள் இருந்தன, மறுகையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. போனை அவளே குனிந்து அவர் காதோரம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெகுநேரம் மணி அடித்தது. தன் எண்ணைப் பார்த்துவிட்டு அவர் எடுக்கமாட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"சொல்லுங்க மேடம்" என்றது மறுமுனை.

"மேடம் இல்லப்பா. நான் பேசறேன், கண்டக்டரு. நீ அன்னிக்கு வந்தியே."

"அம்மா... உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"உடம்பு கிடக்கட்டும். உன்னைக் கை விளங்குமான்னு கேட்டேன்ல? அதை எடுத்துக்காதப்பா. தப்பான ஆளைக் கேட்டுட்டேன். பையனையும் பேசச் சொல்றேன். அவன் பேசலேன்னா சோறு கிடையாது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவர் ஏதோ சொன்னார், கண்டக்டர் அம்மா சிரித்தார், தையல் இழுத்ததால் "ஐயோ" என்றார், மறுபடி சிரித்தார். எந்த வழித்தடத்தில் ஓடினீர்கள் என்று அவர் கேட்க, இவர் சொல்ல, அந்தப் பேருந்தில்தான் கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு போவேன், சுருளுக்கும் டிக்கெட் கேட்பீர்கள் என்று அவர் சொல்ல, பேச்சு நீண்டுகொண்டே போனது.

அவளுக்கு முதுகு வலித்தது. கை மரத்தது. அசையாமல் பிடித்துக்கொண்டு, இருவர் குரலையும் கேட்டுக்கொண்டு நின்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும், திட்டாகவாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.